பட்டறையில் யார் ஆசிரியர்?



கலை, வடிவமைப்புக் கல்லூரி எதுவானாலும் சரி, சேர்க்கைக் காலத்தில் அது அச்சிடும் கையேட்டில் செயல்வழிக் கல்விக்கென்று ஒரு பக்கம் உண்டு. கடைசல் இயந்திரத்தின் முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த மாணவி, சக்கரத்தில் மண் பிடிக்கும் மாணவன் என்று இரண்டு வண்ணப் படமும் இருக்கும். கல்லூரிக்குள் போய்ப் பார்த்தால் பல இடங்களில் கதை வேறு. சப்மிஷனுக்கு முந்தின இரவு விடுதி அறையில் சன்போர்டும் தெர்மாகோலும் பசையுமாக ஒரு மாடல் உருவாகிறது. மறுநாள் ஆசிரியர்கள் கூடி மதிப்பிடும் ஜூரியில் சில நிமிடப் பேச்சு, மதிப்பெண். வாரக் கடைசியில் மாடல் குப்பைக்குப் போகிறது. மாணவர் கையால் ஒன்றைச் செய்தார் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பொருள் அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது?

செய்துபார்த்தால் மனத்தில் நிற்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதை நிறுவ ஒரு சொற்பொழிவு தேவையும் இல்லை. எப்போது நிற்கிறது, எப்போது நிற்பதில்லை என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் இதைத் துணிந்து செய்துபார்த்த பள்ளிகள் சில உண்டு. அவற்றின் வரலாற்றிடம் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கலாம். பட்டறையில் மாணவருக்கு அருகே ஆசிரியராக நிற்பவர் யார், அவருக்குக் கல்லூரியில் என்ன இடம்? மாணவர் செய்த பொருள் ஜூரி முடிந்தபின் எங்கே போகிறது?

வைமரின் இரட்டை ஆசிரியர்கள்

முதல் உலகப் போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1919 ஏப்ரலில், ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்த நுண்கலைப் பள்ளியையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றாக்கி எழுப்பிய நிறுவனம் அது. பட்டறைகளில் இரட்டை ஆசிரியர் முறையைக் குரோப்பியஸ் கொண்டுவந்தார். உருவம், வண்ணம், அமைப்பு ஆகியவற்றுக்கு ஓர் ஓவியரோ சிற்பியோ பொறுப்பு. மரம், உலோகம், மண், நூல் என்று பொருளைக் கையாளும் தொழிலுக்கு ஒரு கைவினைஞர் பொறுப்பு. பால் கிளே, வாசிலி காண்டின்ஸ்கி போன்ற பெரும் ஓவியர்கள் முதல் வகையில் இருந்தார்கள். இரண்டாம் வகையில் இருந்தவர்களின் பெயர் இன்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒருவர் மாக்ஸ் கிரேஹன். வைமருக்கு வெளியே டோர்ன்பர்க் என்ற சிற்றூரில் பரம்பரையாக மண்பாண்டம் செய்துவந்த குடும்பத்துக்காரர். பௌஹவுஸின் மண்பாண்டப் பட்டறை அவருடைய ஊரிலேயே அமைந்தது. உருவ ஆசிரியர் சிற்பி கெர்ஹார்டு மார்க்ஸ். மாணவர்கள் வைமரை விட்டு வந்து அங்கேயே தங்கினார்கள். களிமண்ணைப் பதப்படுத்துவது, சூளைக்கு விறகு பிளப்பது, சூளையில் தீ எரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. வனையும் தொழிலில் நன்றாகப் பழகிய பிறகுதான் சொந்த உருவம் பற்றிப் பேச்சு. பௌஹவுஸ் பட்டறைகளில் இரு ஆசிரியரும் மனம் ஒத்து வேலை செய்த இடம் என்று டோர்ன்பர்க்குக்குப் பெயர் உண்டு.

அந்தப் பட்டறையிலிருந்து 1923இல் வந்தது தியோடோர் போக்லர் என்ற மாணவரின் தேநீர்ப் பாத்திரம். உடல் ஒன்றே, அதில் மூக்கையும் கைப்பிடியையும் வேறுவேறு இடத்தில் பொருத்தி வகைவகையாகப் பாத்திரம் செய்யலாம். பாகங்களை அச்சில் வார்த்து எடுத்து ஒட்டும் முறை. கையால் வனையும் தொழிலை அடிமட்டத்திலிருந்து கற்ற ஒருவர், அதே மண்ணைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி எப்படிப் பிரித்துக் கூட்டலாம் என்று யோசித்திருக்கிறார். சக்கரத்தில் உட்காராத ஒருவருக்கு அந்த யோசனை வந்திருக்க வழியில்லை.

ஆனால் பள்ளியின் நிர்வாகத்தில் ஒரு கோணல் இருந்தது. பள்ளியின் முடிவுகளை எடுத்த ஆசிரியர் குழுவில் ஓவியர்களுக்கு வாக்கு உண்டு. கைவினை ஆசிரியர்களுக்கு வாக்கு இல்லை. கலைக்கும் கைத்தொழிலுக்கும் நடுவே இருந்த சுவரை இடிப்போம் என்று அறிக்கை விட்ட பள்ளியிலேயே, அந்தச் சுவர் கூட்ட அறைக்குள் பத்திரமாக நின்றது. கைவினை ஆசிரியர்கள் இதைப் பற்றி முறையிடாமல் இல்லை.

நெசவுப் பட்டறையில் அந்தக் குறை வேறு வடிவில் தெரிந்தது. பெண் மாணவர்களில் பெரும்பாலோரைப் பள்ளி அந்தப் பட்டறைக்கே அனுப்பியது. தொழில்நுட்பம் தெரிந்து கற்றுக்கொடுப்பார் போதாத நிலையில், குந்தா ஸ்டோல்ஸ்ல், பெனிட்டா ஓட்டே என்ற இரண்டு மாணவியர் கிரேஃபெல்டு என்ற நெசவு நகருக்குப் போய்ச் சாயம் தோய்ப்பதையும் பிறகு துணி உற்பத்தி முறையையும் படித்துவிட்டு வந்தார்கள். வந்து சாயப் பட்டறையைத் தாங்களே நடத்தினார்கள். சில ஆண்டுகளில் ஸ்டோல்ஸ்ல் அந்த நெசவுப் பட்டறைக்கே தலைமை ஏற்றார்.

1925இல் பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு இடம் மாறியபோது இரட்டை ஆசிரியர் முறை கைவிடப்பட்டது. காரணம் முக்கியமானது. அதற்குள் பௌஹவுஸிலேயே படித்து, உருவத்தையும் தொழிலையும் சேர்த்தே கற்ற இளைஞர்கள் தேறிவிட்டார்கள். மார்செல் பிராயர் மரப் பட்டறையையும் ஹெர்பர்ட் பாயர் அச்சுப் பட்டறையையும் எடுத்துக்கொண்டார்கள். வளைத்த எஃகுக் குழாயில் பிராயர் செய்த நாற்காலி அந்த ஆண்டுகளின் வேலைதான். மிதிவண்டிக் கைப்பிடியைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. 1926இல் திறந்த டெஸ்ஸாவ் கட்டடத்தின் மேசை, நாற்காலி, விளக்கு, சுவர் வண்ணம் ஆகியவற்றைப் பள்ளியின் பட்டறைகளே செய்தன. செய்த பொருளின்மேல் செய்தவர்களே உட்கார வேண்டும். எது ஆடுகிறது, எது முதுகை உறுத்துகிறது என்பதை அதன்பின் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பள்ளியின் அடிப்படை வகுப்பை நடத்திய யோசெஃப் ஆல்பெர்ஸ் பற்றி அவருடைய மாணவர் ஹன்னஸ் பெக்மன் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். ஆல்பெர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள், தாளை வீணாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, கப்பல், விமானம், விலங்கு என்று மேசை நிறைந்திருந்தது. அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாட்டில் மடித்து நிமிர்த்தி வைத்திருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. ஆல்பெர்ஸ் அதைத்தான் மெச்சினார். தொய்ந்து கிடக்கும் தாள் ஒரே மடிப்பில் விறைத்து நிற்கிறது. படுத்திருந்தபோது ஒரு பக்கம்தான் கண்ணில் படும், இப்போது இரண்டு பக்கமும் தெரிகிறது. கோட்டையைக் கல்லிலும் கட்டலாம், கப்பலை இரும்பிலும் செய்யலாம். மடித்து நிற்பது தாளுக்கே உரிய குணம். செலவு ஒரு பழைய செய்தித்தாள். பட்டறைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் கல்லூரிகள் இந்த வகுப்பை நினைத்துப் பார்க்கலாம்.

நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுதான் நடந்தது.

உணவு விடுதிக்கு ஒரு பட்டயத் தேர்வு

போருக்குப் பின் அதே ஜெர்மனியில் உல்ம் நகரில் இன்னொரு பள்ளி. நாஜிகளால் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் இருவரின் அக்காளான இங்கெ ஷோல், அவர் கணவர் ஓட்ல் ஐஷர், பௌஹவுஸ் மாணவர் மாக்ஸ் பில் ஆகியோர் அதற்கு முன்னின்றார்கள். 1953இல் பாடம் தொடங்கியது. 1968இல் பள்ளி மூடியது. ஓவியம், மண்பாண்டம் என்ற பேச்சை விட்டு, தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்படும் பொருள்களை அது பாடமாக எடுத்துக்கொண்டது. பட்டறையை மட்டும் விடவில்லை. மரம், உலோகம், பிளாஸ்டிக், ஜிப்சம் சாந்து என்று தனித்தனிப் பட்டறைகள் இருந்தன.

நிக் ரோரிக்ட் என்ற மாணவர் 1959இல் பட்டயத் தேர்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, உணவு விடுதிகளுக்கான பீங்கான் பாத்திரம். பெரிய சமையற்கூடங்களில் பாத்திரம் உடைவதும் அடுக்க இடம் போதாததும்தான் அன்றாடத் தொல்லை. கோப்பை, தட்டு, குவளை, கூஜா எல்லாவற்றுக்கும் விளிம்பின் அடியில் ஒரே சாய்வைக் கொடுத்தார் ரோரிக்ட். ஒன்றின்மேல் ஒன்று இறுக்கமாக உட்காரும், அடுக்கு சரியாது. ரோசென்தால் குழுமத்தைச் சேர்ந்த தாமஸ் நிறுவனம் அதை எடுத்துப் பல பத்தாண்டுகள் உற்பத்தி செய்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஆனால் ரோரிக்ட்டின் வேலைக்கு முதல் தேர்வாளர் அருங்காட்சியகக் காப்பாளர் அல்ல, கை ஈரத்தோடு கோப்பைகளை அடுக்கும் விடுதித் தொழிலாளி.

ஜவாஜாவின் தோல் பை

உல்ம் பள்ளி நடந்த அதே காலத்தில் அகமதாபாத்திலும் ஒரு பள்ளி உருவானது. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். வடநாட்டு வீடுகளில் தண்ணீருக்குப் புழங்கும் லோட்டாவை முன்வைத்து, நல்ல வடிவமைப்பு என்றால் என்ன என்று அதில் ஆராய்ந்திருந்தார்கள். அதன் வழியே 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் இருவரும் அதை உருவாக்கியவர்கள். அங்கே முதலில் பயின்றவர்களுக்குப் பாடமாக அமைந்தவை உண்மையான வேலைகளே. நேரு மறைந்தபின் 1965இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட நேரு வாழ்க்கைக் கண்காட்சியை ஈம்ஸ் குழுவோடு சேர்ந்து உருவாக்கியதே அவர்களுக்கு ஒரு பயிற்சி.

தூர்தர்ஷனின் கண் வடிவச் சின்னம் அங்கே மாணவராக இருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யாவின் கையில் பிறந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. வகுப்பில் பிறந்த அந்தச் சின்னம் பிறகு நாட்டின் வீடுகள்தோறும் போய்ச் சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான பாடம் ராஜஸ்தானில் நடந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், பதவியை விட்டிறங்கிய பிறகு, 1975இல் அஜ்மீர் மாவட்டத்தின் ஜவாஜா வட்டாரத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். மழை பொய்க்கும் ஊர்கள். அரசாங்கக் கணக்கில் வளம் எதுவும் இல்லாத நிலம். மத்தாய் அங்கே இருந்த மனிதர்களின் கைத்தொழிலை வளமாகப் பார்த்தார். தோல் தொழிலாளர்களும் நெசவாளர்களும் அங்கே இருந்தார்கள். தோல் தொழிலாளர்கள் தீண்டாமைக் கொடுமையைச் சுமந்தவர்கள். வடிவமைப்பு நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். நிறுவனத்தின் அப்போதைய தலைவர் அசோக் சாட்டர்ஜி இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்.

அங்கே உருவான தோல் பையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒரு பை என்றால் தோலோடு நூல், கொக்கி, வளையம், ஜிப் எல்லாம் வேண்டும். தோல் ஊரில் கிடைக்கும். மற்றவை நகரத்து வியாபாரியிடமிருந்து வர வேண்டும். அவர் விலை ஏற்றினாலோ தர மறுத்தாலோ தொழில் நின்றுவிடும். ஆகவே நூல் தையலும் உலோகச் சாமானும் தேவைப்படாத முறை ஒன்றை உருவாக்கினார்கள். தோலில் துளையிட்டு, தோலையே வாராக வார்ந்து, பின்னி இணைத்துவிடுவது. பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பின்னல் அழகாகப் படும். அது அழகுக்காக வந்ததல்ல. வெளியாரைச் சார்ந்திருப்பதைக் குறைக்க வந்தது. யாரிடம் கடன், எந்தச் சந்தையில் யார் விலை சொல்கிறார்கள், இந்தத் தோலை யார் தொட மாட்டார்கள் என்பதெல்லாம் தெரியாத மாணவரால் அப்படி ஒரு பையை வரைந்திருக்க முடியாது. வரைமேசையில் உட்கார்ந்திருந்தால் பித்தளைக் கொக்கிக்கு நல்ல வளைவு தேடிக்கொண்டிருந்திருப்பார்.

ஜவாஜாவில் தொழில் ஊரிலேயே தங்கியது, பொருள் விற்பனைக்குப் போனது. அங்கே தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைக் கட்டி நடத்தினார்கள். மாணவர் கிளம்பிப் போன பிறகும் பை இருக்கிறது என்பது செயல்வழிக் கல்விக்கு ஒரு கடுமையான அளவுகோல்.

களம் மாணவரின் கேள்வியையே மாற்றிவிடும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழுவுக்குக் குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிகக் குறைந்த செலவில் வடிவமைக்கும் வேலை தரப்பட்டது. குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் மருத்துவமனையில் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்தது கிராமங்களில். மருத்துவமனைக்கு வந்து சேரவே வழியில்லை. கேள்வி மாறியது. கதகதப்பைத் தக்கவைக்கும் மெழுகு போன்ற பொருளை உள்ளே வைத்த சிறு உறைப்பை ஒன்றை உருவாக்கினார்கள். இந்தியாவில் முன்மாதிரியைக் காட்டியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. மருந்து வீரியம் அதிகமாக இருக்கும், டாக்டர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைத்தே சூடு வைப்பேன் என்று ஒரு தாய் சொன்னார். அதன்பின் வெப்பநிலை எண்களை நீக்கிவிட்டுச் சரி, சரியில்லை என்று மட்டும் காட்டும் குறியை வைத்தார்கள். அந்த எண்களை நீக்கச் சொல்லும் பேராசிரியர் எந்த ஜூரியிலும் இருந்திருக்க மாட்டார்.

கறுப்பு வீடு

வங்காளத்தின் சாந்திநிகேதனில் 1919இல் தொடங்கிய கலைப் பள்ளியான கலா பவனத்துக்கும் பௌஹவுஸுக்கும் ஒரே வயது. ஓவியர் நந்தலால் போஸ் அங்கே ஆசிரியர்களின் ஆசிரியராக இருந்தார். சுவரோவியம் கற்பிக்க அவர் ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்ற கைவினைஞரை வரவழைத்தார். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, ஈரம் காயுமுன் எவ்வளவு இடத்தைத் தீட்டி முடிப்பது, அகேட் கல்லால் எப்படித் தேய்த்து மெருகேற்றுவது என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். பேர்பெற்ற ஓவியர்களும் அந்த நேரத்தில் மாணவர்களாக நின்று கற்றார்கள்.

வளாகத்தில் ‘காலோ பாரி’ என்று வங்காளத்தில் அழைக்கப்படும் கறுப்பு வீடு நிற்கிறது. 1930களில் நந்தலாலும் ராம்கிங்கர் பைஜும் மாணவர்களும் சேர்ந்து எழுப்பிய மண் கட்டடம். மேலே தார் பூச்சு, சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். மூத்த மாணவர்களின் விடுதியாக அது இருந்தது. தாங்கள் தூங்கும் அறையின் வெளிச்சுவரில்தான் அவர்கள் சிற்பம் பழகினார்கள். மண் சுவரை மழையிலிருந்து காப்பதும், தாரை மறுபடி பூசுவதும் அந்தக் கல்வியோடு சேர்ந்தவை. செய்வதோடு பராமரிப்பதும் ஒரு பாடம் என்பதை நம்முடைய பாடத்திட்டங்கள் எங்கும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

1973இலிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் முதல் இரண்டு நாள், நந்தலால் பிறந்தநாளை ஒட்டி, அங்கே நந்தன் மேளா நடக்கிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்கள் செய்த நாட்காட்டி, சட்டி, அணிகலன், அச்சோவியம் எல்லாவற்றையும் கடைபோட்டு விற்கிறார்கள். வருமானம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. என்ன விலை வைப்பது என்று தடுமாறும் மாணவர் அந்த இரண்டு நாளில் கற்பது கொஞ்சமல்ல.

ஸ்தபதி முதல்வரானபோது

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் பழைய பங்கு உண்டு. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1852இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஓவியத்தோடு மண்பாண்டம், மரம், உலோகம் என்று தொழில்பிரிவுகளும் அங்கே இருந்தன. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அந்தப் பள்ளியில் அலுமினியப் பாத்திர முயற்சியைத் தொடங்கினார். 1903இல் ஒரு தனியார் கம்பெனி அதை ஏற்றெடுத்தது. நம் சமையலறைக்கு அலுமினியம் வந்த கதையில் ஒரு கலைப் பள்ளியின் பட்டறைக்கும் இடம் உண்டு.

1957 முதல் பத்தாண்டு அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த ஓவியர்களுக்குப் பிழைப்பு இல்லை என்பதைக் கண்கூடாகப் பார்த்தவர். ஓவியர்கள் பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் 1966இல் கிழக்குக் கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். கொஞ்ச நேரம் சாய வேலை, மற்ற நேரம் சொந்த ஓவியம் என்று கைத்தொழில் அவர்களைக் காப்பாற்றியது.

இதற்கும் தெற்கே மாமல்லபுரத்தில் 1957இல் நடந்ததைத்தான் இன்று அதிகம் பேச வேண்டும். அங்கே தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரிக்கு முதல் தலைவராக வந்தவர் பிள்ளையார்பட்டி மரபைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதை நடத்தினார். தகப்பனிடம் சிற்பத் தொழில் கற்றவர், காரைக்குடியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவர். பௌஹவுஸ் தொடங்கி ஆறு ஆண்டு கழித்து டெஸ்ஸாவில் கிடைத்த வகை ஆசிரியர், கணக்கும் உளியும் ஒருவரிடமே கூடியவர், மாமல்லபுரத்துக்கு வீட்டிலிருந்தே வந்தார். வைமரில் கைவினைஞருக்கு வாக்கு இல்லை. மாமல்லபுரத்தில் ஸ்தபதிக்கு முதல்வர் நாற்காலி.

அந்தக் கல்லூரியில் கோயில் கட்டடக் கலை, கல், சுதை, உலோகம், மரம், மரபு ஓவியம் என்று பிரிவுகள் உண்டு. கருங்கல் தொழிலில் நுழைகிறவர் முதலில் உருவம் எதையும் செதுக்குவதில்லை. கல்லைத் தளப்படுத்தவும் நேர்கோடு கொத்தவும் பழக வேண்டும். உளி மழுங்க அதிக நேரம் பிடிக்காது. மழுங்கிய முனையை உலையில் பழுக்கக் காய்ச்சி, தட்டிக் கூர் எடுத்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் வளையும். எந்த நிறத்தில் எடுத்து எந்த நொடியில் தோய்ப்பது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் காட்டித்தான் கற்க முடியும். தன் கருவியைத் தானே செய்துகொள்ளத் தெரிந்த பிறகுதான் சிற்பி. குமரிக்கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, கணபதி ஸ்தபதி வகுத்த கணக்கிலும் இப்படிப் பழகிய பல நூறு கைகளிலும் எழுந்தது.

குறை இல்லாமல் இல்லை. மரபுக்குள் தேர்ந்த மாணவர், இன்றைய நகரத்துக்கும் வீட்டுக்கும் என்ன செய்யலாம் என்று சோதிக்க வாய்ப்புக் குறைவு. பக்கத்துச் சென்னையின் வடிவமைப்புக் கல்லூரி மாணவருக்கோ கல்லின் குணம் தெரியாது. குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜூடி ஃபிரேட்டர் 2005இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா இந்த இடைவெளியை எதிர்த்திசையிலிருந்து அணுகியது. நெசவாளர், சாயக்காரர், பூவேலைக்காரர் ஆகியோரை மாணவர்களாக்கி அவர்களுக்கு வடிவமைப்பைக் கற்பித்தது. மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே அப்படி ஒரு பாலம் போட ஒரு பேருந்துப் பயணம்கூடத் தடையாக இருக்கக் கூடாது.

எதிர்வாதங்கள்

பட்டறைக்குச் செலவு அதிகம், ஒரு வகுப்பில் அறுபது பேர், கடைசல் இயந்திரம் ஒன்று என்பார்கள். உண்மை. ஆனால் செய்தித்தாளும் களிமண்ணும் மூங்கிலும் விலை உயர்ந்தவை அல்ல. கணினிக் கூடத்துக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கணினி வாங்கும் கல்லூரி, பட்டறைக்கு ஆள் நியமிக்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறது.

குழுவாகச் செய்யும் வேலையில் இரண்டு பேர் உழைக்க, நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள் என்பது ஆசிரியர்களின் நியாயமான புலம்பல். முடிந்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் இருக்கும்வரை இது தீராது. உடைந்த மாதிரிகளையும் வேலைக் குறிப்பேட்டையும் ஜூரிக்குக் கொண்டுவரச் சொன்னால் யார் கை பட்டது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது வாதம் கைவினைஞர் தரப்பிலிருந்து எழ வேண்டியது; அவர்களை யாரும் கேட்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மாணவர் பட்டாளம் ஒன்று நெசவு ஊருக்கும் வார்ப்பு ஊருக்கும் போகிறது. கைவினைஞர் இரண்டு மூன்று நாள் தொழிலை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் விளக்குகிறார், செய்து காட்டுகிறார். மாணவர் படம் பிடித்து, ஆவணம் தயாரித்து, மதிப்பெண் பெறுகிறார். கைவினைஞருக்குக் கிடைப்பது நன்றிப் பக்கத்தில் ஒரு வரி. அவர் அந்த நாட்களில் இழந்த கூலியை யார் தருவது? பாடம் நடத்தியவருக்குச் சம்பளம் இல்லாத கல்வி எந்தத் துறையிலும் இல்லை. இங்கே மட்டும் அது வழக்கமாகிவிட்டது.

சட்டப்படி கதவு திறந்துதான் இருக்கிறது. தொழில்துறை வல்லுநர்களைப் பட்டத் தகுதி கேட்காமல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ ஆக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நெறிமுறை வகுத்தது; அங்கீகரித்த பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை அப்படி நிரப்பலாம். அடுத்த ஆண்டு, கலைஞர்களையும் கைவினைஞர்களையும் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்க அழைப்பதற்கும் நெறிமுறை வந்தது. அந்த இடங்களில் கம்பெனி மேலாளர்கள் மட்டுமே உட்கார வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அவையில் இருக்கும் துறைத்தலைவர்களுக்கும் முதல்வர்களுக்கும் வேண்டுகோள் இவைதான். அடுத்த கல்வியாண்டுக்குள் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு தச்சரையோ நெசவாளரையோ வார்ப்புக்காரரையோ மாதச் சம்பளத்தில் ஆசிரியராக அமர்த்துங்கள். ஜூரியில் அவருக்கு நாற்காலி போடுங்கள். மதிப்பெண் போடும் உரிமையையும் கொடுங்கள். களப்பயணத் திட்டத்தில் பேருந்துக் கட்டணத்துக்கு ஒதுக்குவதுபோலக் கைவினைஞரின் நாள்கூலிக்கும் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு புராஜெக்ட்டாவது வளாகத்தை விட்டு வெளியே, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ அங்கன்வாடிக்கோ மருத்துவமனைக்கோ போகட்டும். ஆறு மாதம் கழித்து அதே மாணவர் போய் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதட்டும், மதிப்பெண்ணில் ஒரு பங்கு அந்த அறிக்கைக்கு இருக்கட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.